பன்னிரண்டு மணிச் சங்கு

மாடிப்படி ஏறும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிற வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என்னைப் பற்றி முதலில் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலுமாக மூன்று பேக்கரி வைத்திருக்கிறேன். மூன்றிலும் கட்டடம் என்னுடையது, விறகடுப்பு என்னுடையது. சீசனில் வர்க்கி வாங்க என் கடை வாசலில் சேரும் கூட்டத்தைப் பார்த்து, வண்டி போக வழியில்லை என்று போலீஸ்காரரே வந்து சத்தம் போட்டிருக்கிறார். போகும்போது அவரும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டுதான் போனார். என் மேனேஜர் எம்.ஏ. படித்தவர். மாவைத் தொட்டுப் பார்த்து இன்றைக்கு மழை வரும் என்று நான் சொன்னால், அவர் குடையை எடுத்துக்கொண்டுதான் தெருவில் இறங்குவார்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் நான் இந்திய அளவில் செஸ் ஆடியவள் என்பது சிலருக்குத்தான் தெரியும். கதை கேட்டவர்களிடமெல்லாம் ஒரே மாதிரி சொல்லி வந்தேன்: ஜெயிக்கிற ஆட்டம், சங்கு வந்து கெடுத்தது. ஒரே ஒருவரிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னேன். போன மாதம்தான் தெரிந்தது, இரண்டுமே உண்மை இல்லை என்று.

சோலூருக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சிலோனிலிருந்து வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா கப்பலேறும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. லயத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே தகரக்கூரை. கடைசி வீட்டில் யாராவது இருமினால் முதல் வீட்டில் தூக்கம் கலையும்.

அம்மா கொழுந்துக்குப் போகும்போது தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விடுவாள். கொழுந்தெடுக்கும் பெண்களின் குழந்தைகளை வைத்திருக்கும் கொட்டகைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. ஒருநாள் தம்பியை அங்கே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிய என்னை, அழுகிறான் கொஞ்ச நேரம் இரு என்று ஆயா நிறுத்தினாள். அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு வருடம் ஆயிற்று.

காம்பராவில் பதினொரு தொட்டில். உத்தரத்திலிருந்து தொங்கும் பழைய சேலைத் தொட்டில்கள். ஈரக் கம்பளி வாடை, புளித்த பால் வாடை, மூலையில் கரியும் அடுப்பு. பிள்ளைகள் தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாது என்று ஆயா வெளியே போகும்போது கதவைக் கம்பி வளையத்தால் கட்டிவிடுவாள். உள்ளே நானும் பதினொரு குழந்தைகளும். இரண்டு கையிலும் இரண்டு கயிறு, காலில் ஒரு கயிறு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒன்று நின்றால் ஒன்று அழும். சங்கு ஊதும் வரை அதுதான் வேலை.

சங்கு என்பது ஃபாக்டரிச் சங்கு. உங்களில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மத்தியானச் சங்கு ஊதியதும் தோட்டமே நின்றுவிடும். செடிக்கு நீட்டிய கை திரும்பிவிடும். பாதி வசவில் இருக்கும் கணக்கப்பிள்ளைகூட மீதி வசவை அடுத்த சங்குக்கு வைத்துக்கொள்வார். சங்குக்குப் பிறகும் ஒருத்தி குனிந்து நின்றால், தொரை உனக்குச் சேலை வாங்கித் தரப்போகிறாரா என்று மற்றவர்கள் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள்.

காம்பராவின் பக்கத்து அறை மருந்தறை. நடுவில் ஒரு கம்பி ஜன்னல். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரரான கம்பவுண்டர் அங்கே இருந்தார். மத்தியான இடைவேளையில் ஆபீஸ் கிளாக்கர் வந்துவிடுவார், இருவரும் செஸ் ஆடுவார்கள். காய்களில் நாலு குதிரையும் காணாமல் போயிருந்தன. அவற்றுக்குப் பதில் மருந்துப் புட்டிகளின் ரப்பர் மூடிகள் நின்றன. குதிரைக்கு முகம் உண்டு என்பதே ஊட்டிக்குப் போகும் வரை எனக்குத் தெரியாது.

இடைவேளை முடிந்து சங்கு ஊதினால் அவர்களும் எழுந்துவிடுவார்கள். ஆட்டம் பாதியில் இருந்தாலும் ஒரு காயைத் தொட மாட்டார்கள். பலகைமேல் செய்தித்தாளை மூடிவிட்டுப் போவார்கள். மறுநாள் அதே இடத்திலிருந்து ஆட்டம். நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது அந்த மூடிய பலகையிடம்தான். காற்றில் தாள் தூக்கும்போதெல்லாம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். அவர் அங்கே வைத்தால் இவர் எங்கே வைப்பார் என்று பொழுதெல்லாம் யோசிப்பேன். அடைத்து வைத்த இடத்தில் வேறு என்ன இருந்தது யோசிக்க?

ஒருநாள் கிளாக்கர் காயை எடுத்த கை அந்தரத்தில் நிற்கும்போது வாய் பொறுக்காமல் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டேன். "ஐயா, அங்கன வச்சா யானை போயிரும்."

"ஒன்னய யாரு கேட்டா? தொட்டில ஆட்டு" என்றார் கிளாக்கர். சொன்ன கையோடு அங்கேயே வைத்தார். யானை போயிற்று.

கம்பவுண்டர் சிரித்த சிரிப்பில் இரண்டு குழந்தைகள் விழித்துக்கொண்டன. அந்த வாரமே என்னை எதிரில் உட்கார வைத்து ஆடினார். ஒரு மாதத்தில் கிளாக்கரைத் தோற்கடித்தேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், ஆடுவதையும்தான்.

அந்த வருடம் மே மாதம் ஊட்டியில் பெண் பிள்ளைகளுக்கான தேசிய அளவுப் போட்டி வைத்தார்கள். வந்திருந்தவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றுவிட்டது. அப்படி விட்டால் தினமும் ஒரு பிள்ளை ஜோடி இல்லாமல் சும்மா உட்கார வேண்டும். உள்ளூரிலிருந்து ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும். கம்பவுண்டருடைய மச்சான் ஊட்டியில் ஏதோ ஆபீஸில் இருந்தார். அவர் மூலமாகச் செய்தி வந்தது. கதவுச் சந்தில் செருகும் காகிதம் போலத்தான் என்னைக் கொண்டுபோய்ச் செருகினார்கள். நான் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. செருகிய காகிதம் எட்டு ஆட்டத்தில் என்ன செய்தது என்று கேளுங்கள்.

ஒன்பது ஆட்டம். ஜெயித்தால் ஒரு புள்ளி, டிரா ஆனால் அரை. ஆடும்போதே ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும் என்பதால், கட்டங்களைக் குறிக்கும் எட்டு ஆங்கில எழுத்தைக் கம்பவுண்டர் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் எனக்கு ஆங்கிலத்தில் அந்த எட்டோடு சரி. அவருடைய மகளின் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு அளவு சின்னது. விரல்களை மடக்கி உள்ளே வைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு கன்னியாஸ்திரி வேடிக்கை பார்க்க வந்தார். விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்குத் தலைவி. நான் ஜெயிப்பதைப் பார்த்துவிட்டு, கம்பவுண்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். இந்தப் பெண் ஐந்து புள்ளி எடுத்தால் விடுதியில் சேர்த்து, ஒரு செலவும் இல்லாமல் பத்தாவது வரை படிக்க வைக்கிறேன் என்றார். எடுக்காவிட்டால் என்ன என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த மாதம் என் பேரைப் பதிந்து கூடையைக் கொடுக்கப்போவதாகக் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் சொல்லியிருந்தார். பேர் பதிந்துவிட்டால் எந்த வாசலும் கிடையாது.

எட்டு ஆட்டம் முடிந்தபோது என்னிடம் நாலரைப் புள்ளி. கடைசியில் ஒரு டிரா போதும்.

எட்டு நாளும் ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டு உட்காருவோம், இருட்டுவதற்குள் எழுந்துவிடுவோம். கடைசி நாள் மட்டும் சாயங்காலம் பரிசு கொடுப்பது இருந்ததால் காலை ஒன்பதரைக்கு வைத்தார்கள். அதனால் என்ன வரப்போகிறது என்று நானும் யோசிக்கவில்லை, கம்பவுண்டரும் யோசிக்கவில்லை.

கல் கட்டடம். ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். வெளியே மஞ்சு, உள்ளே மூச்சு, கண்ணாடியில் நீர் வழிந்தது. எதிரே உட்கார்ந்தவள் எங்கிருந்தோ வடக்கேயிருந்து வந்தவள். வெள்ளைக் காலுறை, மூக்கில் ஜலதோஷம். ஆரஞ்சுச் சுளையை உரித்து வரிசையாகத் துணியில் வைத்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒன்று தின்றாள். அந்த வாசனை இன்றைக்கும் வந்தால் என் கால்விரல் மடங்கிக்கொள்கிறது.

பலகைக்குப் பக்கத்தில் இரட்டைக் கடிகாரம். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. யார் முறையோ அவருடையது ஓடும். நேரம் தீரும்போது சின்னச் சிவப்புக் கொடி விழும். விழுந்தால் தோல்வி.

நடுவில் ஒரு சிப்பாயைக் கோட்டைவிட்டேன். பதினொன்றரை மணிக்கு மிச்சமிருந்தது அவளுக்கு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். கறுப்புக் காய் ஆடிய எனக்கு ராஜாவும் ஒரு யானையும் மட்டும். என் ராஜா கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய ராஜாவும் சிப்பாயும் வாசலில் நின்றன. உள்ளே வரவிடாமல் என் யானையை ஒரே வரிசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அவள் எதையாவது நகர்த்துவாள், நான் யானையை நகர்த்துவேன். மறுபடியும். மறுபடியும். சாவைத் தள்ளிப்போடுகிறேன் என்றுதான் நினைத்தேன். இப்படியே எவ்வளவு நேரம், எந்த நகர்த்தலில் தவறப்போகிறேன் என்று உள்ளே ஒன்று பிறாண்டிக்கொண்டே இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடக் கால் இல்லை, விரலெல்லாம் மரத்துக் கிடந்தது.

என் முறை. அப்போது ஊர்ச் சங்கு ஊதியது. பன்னிரண்டு மணி.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழவில்லை. சங்கு ஊதினால் உடம்பு எழும், அவ்வளவுதான். ஆட்டம் அப்படியே நிற்கும், யாராவது மேலே தாளை மூடுவார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடருவோம். எனக்குத் தெரிந்த ஒரே செஸ் அதுதான். எதிரே இருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. விரலை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினாள். ஆமாம், பன்னிரண்டு ஆகிவிட்டது என்று நான் தலையாட்டிச் சிரித்தேன். அவள் மறுபடியும் காட்டினாள். நல்ல பிள்ளை, பசிக்கிறதாக்கும், நீயும் போய்ச் சாப்பிடு என்று கை ஜாடை காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வாசற்படியில் கம்பவுண்டர் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கொடுத்துவிட்ட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். அவரும் சங்கு கேட்டதும்தான் திறந்திருக்கிறார்.

"வா அம்மிணி. எப்படி நிக்குது ஆட்டம்?"

"மூலையில முட்டிக்கிட்டு நிக்குதுங்கய்யா."

"நிக்கட்டும், எங்க ஓடிரப் போவுது? ரெண்டு வாய் தின்னுபோட்டுத் தெம்பா போயி உக்காரு."

தின்றேன். பாதி ரொட்டி போனபிறகுதான் கவனித்தேன், வேறு ஒரு பிள்ளைகூட வெளியே வரவில்லை.

"ஐயா, மத்த புள்ளைங்க யாரும் வரலீங்களே."

அவர் வாசலைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பெரிய கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"நான் போயிப் பாக்கட்டுங்களா?"

"பொறு அம்மிணி" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனுசங்க உக்காந்திருக்கற எடம். நாமளா திடுதிப்புனு உள்ள நொழையக் கூடாது. நேரமாச்சுன்னா அவங்களே கூப்புடுவாங்க."

தோட்டத்துப் பங்களாவுக்கு நாங்கள் அப்படித்தான் போவோம். கூப்பிடும் வரை படிக்குக் கீழே நிற்போம். அவரும் அப்படி நின்றுதான் பழகியவர். எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். இரண்டு படி ஏறினார். இறங்கி வந்தார். மறுபடியும் ஏறினார். நான் ஜன்னல் கண்ணாடியைக் கம்பளிச் சட்டையால் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு அப்படியே இருந்தது. தாள் ஒன்றும் மூடவில்லை.

நான் எழுந்தபோது என் கடிகாரத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் போல இருந்தது. அது முழுவதும் அந்தப் படியில் ஓடித் தீர்ந்தது. ஓடியிருந்தால் பதினைந்து அடி தூரம்.

கடைசியில் அவர்களே கூப்பிட்டார்கள், கொடி விழுந்த பிறகு. நடுவர் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். கம்பவுண்டர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எஸ் சார், எஸ் சார் என்றார். அந்தப் பெண் எழுந்து கை நீட்டினாள். என் கையில் சம்பல் ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சோலூர் தாண்டும்போது மட்டும், "நாந்தான் புடிச்சு வச்சுட்டேன்" என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி, நாளைக்கு வெள்ளன எழும்பணும்" என்று விளக்கைத் தணித்தாள். நான் படிக்கப் போகாததில் அவளுக்கு நிம்மதி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவள் இறந்தபோது துக்கத்துக்கு வந்த ஒரு கிழவி சொன்னாள். அந்த மே மாதம் அம்மா சந்தையில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, விடுதிக்குக் கொடுத்துவிட அந்தக் கிழவி வீட்டு விறகுப் பரண்மேல் ஒளித்து வைத்திருந்தாளாம். நாலரைப் புள்ளி இருக்கும்போதே வாங்கிவிட்டாள். பிறகு அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று கிழவிக்கும் தெரியவில்லை.

கூடையை மாட்டினேன். ஒன்பது வருடம். அப்புறம் ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவப் போய், மாவு பிசையப் போய், அடுப்படிக்குப் போய், அந்த பேக்கரியையே வாங்கினேன். அது வேறு கதை. அதையும் ஒருநாள் பெருமையாகச் சொல்வேன். இப்போது கம்பவுண்டர்.

பல வருடம் கழித்து, ரிட்டயராகிக் காரமடையில் இருந்தவர், என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். தலை நடுங்கியது. நாற்காலி போட்டு, சூடாக வர்க்கியும் டீயும் வைத்தேன். தொடவில்லை. மூன்று கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"அம்மிணி, அன்னைக்கு உன்னைய நான் விட்டிருந்தா, நீ ஓடிப்போயி உக்காந்திருந்தா, அந்த ஆட்டம் நின்னிருக்குமா?"

எல்லோரிடமும் ஜெயிக்கிற ஆட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவர் கையைப் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை.

"அது அப்பவே தோத்துப் போன ஆட்டமுங்கய்யா" என்றேன். "ராஜா மூலையில கெடந்துச்சு. நீங்க விட்டிருந்தாலும் பத்து நிமிசத்துல போயிருக்கும்."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்கய்யா. அதான் சங்கு ஊதுனதும் விட்டாப் போதும்னு எந்திரிச்சு வந்தேன்."

கடைசியாகச் சொன்னது உண்மை. அதை அவரிடம் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. உடம்பு பழக்கத்தில் எழுந்தது சரிதான். ஆனால் எழுந்தபோது நெஞ்சில் இருந்தது பசி இல்லை. யாரோ வந்து கம்பி வளையத்தைக் கழற்றியது போல இருந்தது.

அவர் ஒரு வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றார். இன்னொன்றும் தின்றார். அடுத்த வருடம் போய்விட்டார்.

போன மாதம் ஒரு மழை நாள். கடையில் கூட்டமில்லை. மேனேஜர் போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். எந்த நிலையை வைத்தாலும் அது யார் பக்கம் என்று போனே சொல்லிவிடுமாம். வீட்டிலிருந்து அந்தக் கடைசி ஆட்டத்தின் பழைய தாளைக் கொண்டுவரச் சொன்னேன். என் எட்டு எழுத்தில் நானே எழுதிய தாள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. அவர் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார்.

"யாருங்கம்மா ஆடுனது?"

"ஆரோ. என்ன சொல்லுது?"

"இது டிராங்கம்மா. கறுப்பு யானைய அந்த வரிசையிலயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகத்திட்டே இருந்தாப் போதும். வெள்ளையால ஒண்ணும் பண்ண முடியாது. அந்தச் சிப்பாயி முன்னால வந்தா மட்டும் யானையக் கீழ கொண்டுபோயிப் பின்னாலருந்து செக் குடுக்கோணும், அவ்வளவுதான். தெரிஞ்சோ தெரியாமலோ சரியாத்தான் ஆடியிருக்காங்க. ஏன் பாதியில விட்டுட்டாங்க?"

"எவ்வளவு நேரம் அப்படி நகத்தலாம்?"

"எவ்வளவு நேரம் வேணும்னாலும்ங்க. பொறுமை இருந்தாச் சரி."

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியே மஞ்சு இறங்கிக் கடைவீதியை மூடியிருந்தது. கை சும்மா இருக்காமல் மேஜை விளிம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

என் வயதுக்காரர்களே, கதவை வெளியே கட்டிவிட்டுப் போன அறையில், பதினொரு தொட்டிலை இரண்டு வருடம் அப்படி ஆட்டியவள் நான். இந்தியா முழுவதிலுமிருந்து வந்து அந்தக் கல் கட்டடத்தில் உட்கார்ந்தவர்களில் அந்த வேலைக்கு என்னைவிடத் தேர்ந்த ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.